அப்பாவுக்குத் தெரியக்கூடாத இலக்கம்

எங்கள் வீட்டு நிலவறையில் சாம்பல் நிற இரும்புப் பெட்டி ஒன்று நிற்கிறது. என் தோள் உயரம் இருக்கும். அதற்குள் அம்மாவின் துவக்கு இருக்கிறது. கதவைத் திறக்கும் ஆறு இலக்கங்கள் அம்மாவுக்கு மட்டுமே தெரியும். அப்பாவுக்குத் தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் அம்மாவின் அனுமதி அட்டையைப் பறித்துவிடுவார்கள். இது அம்மா போட்ட விதி அல்ல, ஜெர்மனியின் ஆயுதச் சட்டம்.

பெட்டியை வாங்கியவர் அப்பா. வீட்டுக்கு யார் வந்தாலும் அதைச் சொல்லாமல் விடமாட்டார்.

அப்பாவின் பெயர் அந்தோனிப்பிள்ளை செல்வரட்ணம். ஊர் குருநகர். இருபது வயதில் அகதியாக வந்தவர், டோர்ட்மண்டுக்குத் தெற்கே ஒரு சிறிய ஊரில் ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தார். இன்றுவரை அங்கேயேதான் வேலை. ஜன்னல் சட்டங்களுக்கு ரப்பர் பொருத்துவதில் தொடங்கியவர் இப்போது ஒரு பிரிவுக்குப் பொறுப்பாளர். குடிக்கமாட்டார். ஞாயிறு பூசையைத் தவறவிடமாட்டார். யாராவது வீடு மாறினால் முதல் ஆளாகப் போய்ச் சோபாவின் கனமான பக்கத்தைத் தூக்குவார். அவரிடம் உள்ள குறை ஒன்றுதான்: அடுத்தவன் கனமான பக்கத்தைத் தூக்கினால் அவருக்குப் பொறுக்காது.

அப்பாவின் பொறாமை சத்தம் போடாது. முகம் கொஞ்சம் சுருங்கும், பிறகு ஒரு கேள்வி வரும். பக்கத்து வீட்டுக்காரர் புதுப் புல்வெட்டி வாங்கினால், "அது கரண்ட் கனக்க இழுக்குமெல்லோ?" தெரிந்தவர் மகளுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்தால், "அது படிச்சு முடியக் கிழவியாயிடுவாளெல்லோ?" வீட்டுக்குள்ளும் இப்படித்தான். அப்பா வாகன ஓட்டப் பரீட்சையில் இரண்டு தரம் தவறி மூன்றாம் தரம்தான் சித்தியடைந்தார். அம்மா முதல் தரத்திலேயே எடுத்தார். நான் பிறப்பதற்கு முன் நடந்த கதை. ஆனால் இன்றும் அம்மா காரைப் பின்னுக்கு எடுக்கும்போது அப்பா வாசலில் நின்று சொல்வார்: "முதல் தரத்திலையே பாஸ் பண்ணின ஆள், மதிலைப் பாத்து எடும்."

அம்மா பேர்பெச்சுவா. ஊர் இளவாலை. முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை. அம்மாவின் பெயரை ஜெர்மன்காரர்கள் அழகாகச் சொல்வார்கள், அவர்களுடைய நாட்காட்டியிலும் அந்தப் பெயருடைய புனிதைக்கு ஒரு நாள் இருக்கிறது. அப்பாவின் பெயரை முப்பது வருடமாக யாரும் முழுதாகச் சொன்னதில்லை. தொழிற்சாலையில் அவர் "செல்வா". வங்கியில் "ஹெர் செல்... செல்...". அம்மாவின் பெயர் நாளில் முதியோர் இல்லத்தில் பூங்கொத்துக் கொடுத்தபோதும் அப்பா ஒரு கேள்வி கேட்டார். "பூ வாங்கினது இருக்கட்டும். சம்பளம் கூட்டினவையோ?"

இந்தக் கதையில் இன்னும் ஒருவர் வேண்டும். றெக்ஸ் மாமா. அம்மாவின் ஊரவர், எசன் நகரில் பார்சல் வண்டி ஓட்டுகிறார். அப்பாவின் மிக நெருங்கிய சிநேகிதர், அதனால் அப்பாவின் பொறாமையில் பெரும் பங்கும் அவருக்குத்தான்.

எசனில் தமிழ்க் கத்தோலிக்கர் கூடி எடுக்கும் மாதா திருவிழாவில் சுரூபத்தை எட்டுப் பேர் தோளில் சுமப்பார்கள். முன்வரிசையின் வலது தண்டு பெருமைக்குரிய இடம், படம் எடுப்பவர்கள் அந்தப் பக்கம்தான் நிற்பார்கள். ஒரு வருடம் அது றெக்ஸ் மாமாவுக்குப் போனது. அடுத்த வருடமும் அவருக்கே போனது. சுற்றுப்பிரகாரம் முடிந்து எல்லோரும் கார்களுக்கு நடந்துகொண்டிருந்தபோது அப்பா, "உனக்குத் தோள் நோகேல்லையோ? ஒருக்காலாவது மாறிப் பிடிச்சிருக்கலாம்" என்றார்.

றெக்ஸ் மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது. "அண்ணை, உங்கட உயரத்துக்கு முன்னாலை பிடிச்சால் மாதா குப்புற விழுந்திடுவா."

அப்பா கன்னத்தில் அறைந்தார். வாழ்நாளில் அவர் யாரையும் அடித்தது அந்த ஒரு தரம்தான். மாமாவின் மூக்குக்கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்தது. அந்த வழியாக நாயோடு நடந்த ஒரு வயதான தம்பதி பொலிசுக்கு அழைத்துவிட்டார்கள். பொலிஸ் வந்தபோது அடித்தவரும் அடி வாங்கியவரும் ஒரே வாங்கில் இருந்தார்கள். அப்பா தன் லேஞ்சியை றெக்ஸ் மாமாவின் புருவத்தில் அழுத்திப் பிடித்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கேக்கோடு அவர் வீட்டுக்குப் போனோம். ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பிட்டு வந்தோம். எங்கள் ஆட்களின் முறைப்படி விஷயம் அத்தோடு முடிந்தது.

அரசாங்கத்துக்கு முடியவில்லை. சில மாதங்களில் நீதிமன்றத்திலிருந்து மஞ்சள் உறையில் தண்டனை ஆணை வந்தது. எழுபது நாள் சம்பாத்தியத்துக்குச் சமமான அபராதம். மறுப்பதென்றால் இரண்டு கிழமைக்குள் மறுக்கலாம். நான் அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சொல்ல அப்பாவுக்கு வெட்கம். அலுவலகங்கள் விஷயத்தில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது: "கெதியாக் கட்டினால் அவை கெதியா மறந்திடுவினம்." கேட்டதைக் கட்டினார். அத்தோடு தான் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது என்பது அவருக்கு விளங்கவில்லை. வாகனம் தவறாக நிறுத்தியதற்குக் கட்டுவதைப்போலக் கட்டினார். பிறகு கோவில் வேலைக்காகப் பொலிஸ் நன்னடத்தைச் சான்று எடுத்தபோது அது சுத்தமாக வந்தது. அந்த அளவு அபராதம், ஒன்று மட்டும் என்றால், அதில் காட்டப்படுவதில்லை. "பாத்தீரோ? மறந்திட்டினம்" என்றார் அம்மாவிடம்.

அறைந்தவருக்கு அடுத்த வருடம் யார் தண்டு கொடுப்பார்கள்? அப்பா எசன் திருவிழாவுக்குப் போவதைக் குறைத்தார். நாங்கள் இருக்கும் ஊரின் பங்குக் கோவிலில் செபஸ்தியார் சங்கம் என்று ஒன்று உண்டு. பல நூறு வருடப் பழைய, துவக்குச் சுடும் சங்கம். கோடையில் அவர்கள் பச்சைச் சட்டையும் இறகு வைத்த தொப்பியுமாக வாத்தியக் கோஷ்டியோடு ஊரைச் சுற்றி வருவார்கள். கம்பத்தில் ஏற்றிய மரப்பறவையைச் சுட்டு விழுத்துகிறவர் ஒரு வருடத்துக்கு ராசா. முப்பது வருடம் நடைபாதையில் நின்று கைதட்டிய அப்பா திடீரென்று சொன்னார்: "செபஸ்தியார் எங்கட ஆள்தானே. நான் சேரப்போறன். றெக்ஸ் மாதாவைத் தூக்கட்டும்."

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்த ஆள்தானே நீங்கள்?" என்றார் அம்மா.

"அது வேற துவக்கு."

சங்கத்தார் சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டார்கள். பச்சைச் சட்டை தைத்து வந்த அன்று அப்பா அதைப் போட்டுப் படமெடுத்து முதலில் அனுப்பியது றெக்ஸ் மாமாவுக்குத்தான். பதில் உடனே வந்தது. "அண்ணை, மரவள்ளித் தோட்டத்துக்கு வெருளி வேணுமெண்டால் சொல்லுறன்."

அம்மா அங்கே போனது சாப்பாடு கொடுக்க. சங்கத்தின் விழாவுக்கு ஒரு தட்டு ரோல்ஸ் செய்து கொண்டுபோனார். அன்று பெண்களுக்குக் காற்றுத் துவக்கால் சுட்டுப் பார்க்க இடம் வைத்திருந்தார்கள். பயிற்சிக்குப் பொறுப்பான கோஸ்டர் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர், "ஃப்ராவ் பேர்பெச்சுவா, நீங்களும் வாருங்கள்" என்று கையில் கொடுத்தார். அம்மா ஐந்து தரம் சுட்டார். ஐந்தும் நடுவில் ஒரு நாணயத்தால் மூடக்கூடிய அளவுக்குள் விழுந்தன.

கோஸ்டர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்கே பழகினீர்கள் என்று கேட்டார்.

"பழகேல்லை. செபமாலை சொல்லுறமாதிரி மூச்சு விட்டனான்" என்று அம்மா என்னிடம் தமிழில் சொன்னார். அருள் நிறைந்த மரியேயில் பாதியைச் சொல்லி, மூச்சை நிறுத்தி, சுட்டு, பிறகு மீதி. நான் அதை மொழிபெயர்த்தேன். கோஸ்டர் சிரிக்கவில்லை, தலையாட்டினார்.

அப்பாவின் முகம் சுருங்கியது. "அது காற்றுத் துவக்குத்தானே?"

அதிலிருந்து இருவரும் சேர்ந்து பயிற்சிக்குப் போனார்கள். சங்கத்தின் துவக்கால் மேற்பார்வையில் சுடுவதற்கு அனுமதி எதுவும் தேவையில்லை. சொந்தமாக ஒன்று வைத்திருக்கத்தான் அட்டை வேண்டும். அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஒழுங்கான பயிற்சி, ஆயுத அறிவுத் தேர்வு, சங்கத்தின் சான்று. தேர்வில் அப்பா நன்றாகச் செய்தார். அம்மா அதைவிட இரண்டு புள்ளி கூட. அம்மாவுக்குச் சொந்தத் துவக்கு உண்மையாகவே தேவைப்பட்டது. சங்கத்தின் துவக்குகள் பெரிய ஆண்களுக்கு அளந்தவை, தோளில் முட்டுக்கொடுக்கும் மரக்கட்டை நீளம், அம்மாவின் கை குட்டை. கட்டையைச் சுருக்கிய ஒன்று இருந்தால் மூன்று பேர் கொண்ட பெண்கள் அணியில் காலியாக உள்ள இடம் உங்களுக்கே என்று கோஸ்டர் சொல்லியிருந்தார். அம்மா தனக்கென்று எதையும் கேட்டு நான் கண்டதில்லை. இதைக் கேட்டார். "அந்த அணியிலை ஒருக்கால் நிண்டு பாக்க ஆசையாக் கிடக்குது" என்றார்.

அப்பாவுக்குத் துவக்கு ஏன் தேவை என்று யாரும் கேட்கவில்லை. இருவரும் ஒரே நாளில் விண்ணப்பித்தார்கள். பதில் வருமுன்பே அப்பா யாரோ பாவித்துவிட்டு விற்ற பெட்டி ஒன்றைத் தேடி வாங்கி, றெக்ஸ் மாமாவை அழைத்து, கனமான பக்கத்தைத் தான் பிடித்து நிலவறைக்கு இறக்கினார். சுவரோடு நான்கு திருகாணி போட்டு இறுக்கினார். இலக்கமாகத் தன் பிறந்தநாளை வைத்தார்.

பிறகு பதில்கள் வந்தன. அம்மாவுக்கு ஓம். அப்பாவுக்கு இல்லை.

அப்பாவின் கடிதத்தை நான்தான் சாப்பாட்டு மேசையில் வைத்து வாசித்தேன். யாருக்கு அனுமதி மறுக்கலாம் என்று சட்டம் வரிசையாகச் சொல்கிறது. அப்பா ஒவ்வொன்றாகத் தன்னைத் தேடினார்.

"நான் கொலைகாரனோ?"

"இல்லை அப்பா."

"குடிகாரனோ? போதை பாவிக்கிறவனோ? மூளை பிசகினவனோ?"

"இல்லை."

"தடை செய்த சங்கம் எதிலையும் இருந்தனானோ?"

"இல்லை அப்பா."

"அப்ப ஆர் நான்?"

"றெக்ஸ் மாமாவுக்கு அடிச்ச ஆள்."

அப்பா கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். "அதுதான் கட்டிப்போட்டனே!"

நான் விளங்கப்படுத்தினேன். மறுக்காமல் விட்டதால் அந்த ஆணை தீர்ப்பாகிவிட்டது. வேண்டுமென்று செய்த குற்றத்துக்கு அறுபது நாள் சம்பாத்தியமோ அதற்கு மேலோ அபராதம் என்றால், தீர்ப்பு முடிந்து ஐந்து வருடத்துக்கு அந்த ஆளை நம்பகமானவர் அல்ல என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். நன்னடத்தைச் சான்றில் வராதது துவக்கு அலுவலகத்துக்குப் போகும் பதிவில் வரும். அப்பாவுக்கு 2028 தை மாதம் வரைக்கும்.

"நம்பகமில்லாதவன்" என்று அப்பா தனக்குள் சொல்லிப் பார்த்தார். "முப்பது வருசமா ஒரு நாள் வேலைக்குப் பிந்திப் போகாத ஆள் நம்பகமில்லாதவன். இவ நம்பகமானவ."

அம்மா அடுப்படியில் நின்றார். "எனக்கும் வேண்டாமெண்டு எழுதிப்போடட்டோ?"

"ஏன்? புருசனுக்காண்டி விட்டுக்குடுத்தவ எண்டு சனம் உம்மைக் கும்பிடவோ? எடும். எடுத்து வைச்சுச் சுடும்."

செய்தி கேட்டு றெக்ஸ் மாமா வந்தார். அப்பாவின் பக்கத்தில் இருந்து கன்னத்தைத் தடவிக்கொண்டே, "அண்ணை, என்ர கன்னத்துக்கு இவ்வளவு மதிப்பெண்டு முதலே தெரிஞ்சிருந்தால் மற்றதையும் காட்டியிருப்பன்" என்றார். அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டார்.

துவக்கு அலுவலகத்து அம்மையார் ஒரு நிபந்தனையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். மறுக்கப்பட்டவர் அதே வீட்டில் இருக்கிறார். அவருக்குப் பெட்டியைத் திறக்க எந்த வழியும் இருக்கக்கூடாது. இருந்தால் அட்டை போய்விடும். பெட்டியின் இலக்கம் அவர் வைத்தது என்பதால் உடனே மாற்ற வேண்டும்.

அன்று அம்மா கையேட்டோடு நிலவறைக்கு இறங்கினார். அப்பாவும் பின்னால் இறங்கினார்.

"நீங்கள் மேலை போங்கோ."

"பெட்டி வாங்கினது நான்."

"ஓம். அதுக்குத்தான் சொல்லுறன், மேலை போங்கோ."

அப்பா படியேறி வந்து தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். பிறகு குறைத்தார். கீழே பீப், பீப் என்று கேட்டது. எந்த இலக்கத்தை அழுத்தினாலும் அந்தப் பூட்டு ஒரே சத்தம்தான் போடும் என்பதை அவர் சில கிழமைகளில் கண்டுபிடித்தார்.

இலையுதிர்காலத்தில் அம்மா அணியில் சேர்ந்தார். கட்டை சுருக்கிய துவக்கோடு ஒவ்வொரு செவ்வாயும் பயிற்சி. அப்பா சங்கத்தை விடவில்லை, சங்கத்தின் துவக்கால் சுட்டார். ஆனால் அம்மா தன் உறையைத் திறக்கும்போது அவர் கண் தன் குறியில் இருக்காது. சங்கத்தார் முன்பு "செல்வாவின் மனைவி" என்பார்கள். இப்போது "பேர்பெச்சுவாவின் கணவர்" என்றார்கள்.

ஒரு செவ்வாய் அம்மா பயிற்சிக்குப் புறப்பட்டு நிலவறைக்குப் போனவர் வெறுங்கையோடு மேலே வந்தார். பூட்டில் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. பிழையான இலக்கங்களைப் பலமுறை அழுத்தினால் அது கொஞ்ச நேரத்துக்குச் செத்துப்போகும்.

"ஆர் பெட்டியிலை கை வைச்சது?"

அப்பா திரும்பவில்லை. "தூசி துடைச்சனான்."

"தூசி இலக்கத்திலை மட்டுமோ கிடந்தது?"

அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

"இஞ்சாருங்கோ, அது திறந்திருந்தால் என்ர அட்டை போயிருக்கும். தெரியுமோ உங்களுக்கு?"

அப்பா தொலைக்காட்சியை நிறுத்தினார். குற்றம் செய்தவர்போல அல்ல, குற்றம் கண்டுபிடித்தவர்போலத் திரும்பினார். "என்ர பிறந்தநாள் இல்லை."

"இல்லை."

"கலியாண நாளும் இல்லை. பிள்ளையின்ர பிறந்தநாளும் இல்லை."

"ஓம், இல்லை."

"ஏன்?"

"ஏனோ? அதெல்லாம் உங்களுக்குத் தெரியுமெல்லோ. தெரிஞ்ச நாளை வைக்க ஏலுமோ? உங்களுக்குத் தெரியாத ஒரு நாளைத் தேடி எடுக்க எனக்கு ஒரு கிழமை பிடிச்சது."

தன் வாழ்க்கையில் இவருக்குத் தெரியாத நாள் என்று ஒன்றுமே மிஞ்சவில்லையே என்ற அலுப்பில்தான் அம்மா அதைச் சொன்னார். அப்பாவின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

"எனக்குத் தெரியாத நாளோ? உம்மட வாழ்க்கையிலையோ?"

"ஒண்டு இருந்தது" என்று சொல்லிவிட்டு அம்மா சங்கத்தின் துவக்கால் சுடப் போய்விட்டார்.

அந்த ஒன்று அப்பாவைத் தின்றது. நேராகக் கேட்க ஏலாது, சொன்னால் அட்டை போகும். அதனால் சுற்றிச் சுற்றிக் கேட்டார். கறி நறுக்கும்போது, "உங்கட பள்ளிக்கூடத்திலை பொடியளும் படிச்சவையோ?" காரில் போகும்போது, "கொழும்பிலை விசாவுக்கு நிண்ட நேரம் ஆற்ற வீட்டிலை நிண்டனீர்?" பூசை முடிந்து வரும்போது, "உமக்கு முதல் பேசின கலியாணம் ஏன் குழம்பினது?" அம்மா சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல் கண்ணாடியைத் துடைப்பார். "உங்களுக்குப் பொறாமைப்பட வெளியிலை ஆள் முடிஞ்சுபோச்சு. இப்ப என்ர சின்ன வயசோட தொடங்கியிருக்கிறியள்."

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் றெக்ஸ் மாமா வந்திருந்தார். அம்மா வேலையில். நான் வீட்டிலிருந்தே என் அலுவலக வேலையைச் செய்துகொண்டிருந்தேன். அப்பா தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, மெதுவாகத் தொடங்கினார்.

"நீ இவவின்ர ஊர்தானே. சின்ன வயசிலை இவவுக்கு ஏதும் விசேசமா நடந்ததோ? மறக்க ஏலாத நாள் மாதிரி?"

றெக்ஸ் மாமாவுக்கு விஷயம் உடனே பிடிபட்டுவிட்டது. "இலக்கமோ அண்ணை?"

"சும்மா கேட்டனான்."

"சும்மா எண்டால் சும்மா சொல்லுறன். அக்கா கோயில் பாட்டுப் போட்டியிலை முதல் பரிசு எடுத்தவ. ஆயர் வந்து கையிலை குடுத்தவர். அந்தோனியார் திருநாள், யூன் பதின்மூண்டு, எண்பத்தெட்டாம் ஆண்டு."

"இவ்வளவு வடிவா எப்பிடி ஞாபகம் உனக்கு?"

"ரெண்டாவதா வந்தது நானெல்லோ. மறப்பனே?"

அப்பாவின் உதடு அசைந்தது. ஒன்று, மூன்று, சைபர், ஆறு, எட்டு, எட்டு. ஆறு இலக்கம். எழுந்துவிட்டார்.

"எங்கை அண்ணை?"

"கீழை கெல்லருக்கு. உருளைக்கிழங்கு எடுக்கோணும்."

"உருளைக்கிழங்குக்கும் இலக்கமோ?"

நான் கதிரையை விட்டு எழுந்தேன். அந்த நேரம் வாசல் மணி அடித்தது.

இருவர் நின்றார்கள். துவக்கு அலுவலகத்து அம்மையார், அவரோடு ஓர் இளம் அதிகாரி. பெட்டியைப் பார்க்க முன்னறிவிப்பு இல்லாமல் வருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள், வந்துவிட்டார்கள். அம்மா வேலையில் என்று நான் சொன்னேன். பரவாயில்லை, பெட்டி நிற்கும் இடத்தை மட்டும் பார்க்கலாமா என்று அந்த அம்மையார் கேட்டார்.

"யா, யா, கைன் ப்ராப்லெம்" என்றார் அப்பா.

ஓம், ஓம், ஒரு பிரச்சினையும் இல்லை என்று அர்த்தம். ஜெர்மன் அதிகாரி யார் எதைக் கேட்டாலும் அப்பாவின் வாயில் வருவது இந்த ஒரே பதில்தான். விளங்கினாலும் யா, விளங்காவிட்டாலும் யா. அகதி முகாமில் முதல் மாதம் பழகியது, இன்னும் போகவில்லை.

எல்லோரும் இறங்கினோம். றெக்ஸ் மாமா தேத்தண்ணீர்க் கோப்பையோடு பின்னால் வந்தார். அம்மையார் பெட்டியின் தகட்டை வாசித்தார், சுவரோடு இருந்த திருகாணிகளைத் தொட்டுப் பார்த்தார். நல்ல வேலை என்றார். பிறகு, வெகு சாதாரணமாக, அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"ஹெர் செல்வரட்ணம், நீங்கள் கொஞ்சம் திறந்து காட்ட முடியுமா? நாங்கள் இன்னொரு முறை வரத் தேவையிருக்காது."

பெயரை முழுதாகச் சொன்னார், ஒரு எழுத்தும் பிழைக்காமல். அது சோதனையா, வேலையைச் சுருக்கும் விருப்பமா என்று எனக்கு இன்றும் தெரியாது. அப்பாவின் வாய் "யா"வுக்குத் திறந்துவிட்டது. வலது கை பாதி உயர்ந்தது. விரல் நுனியில் புதுசாகக் கிடைத்த அந்த ஆறு இலக்கங்களும் நின்றன.

பின்னாலிருந்து றெக்ஸ் மாமா தமிழில் சொன்னார்: "அண்ணை, அமத்துங்கோ பாப்பம். நீங்கள்தானே பெட்டி வாங்கினது."

அப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். உயர்ந்த கையை இறக்கிக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"நைன், முடியாது" என்றார். "எனக்கு இலக்கம் தெரியாது. என் மனைவி எனக்குச் சொல்வதில்லை. அவர் சொல்லக்கூடாது, நான் தெரிந்துகொள்ளவும் கூடாது. எனக்கு மறுத்திருக்கிறீர்கள். 2028 தை வரைக்கும் நான் நம்பகமானவன் அல்ல."

எல்லாம் ஜெர்மனில், ஒரு பிழையும் இல்லாமல். அந்தக் கடைசிச் சொல்லை எங்களைத் தவிர வேறு யார் முன்னும் அவர் சொன்னதில்லை. இப்போது றெக்ஸ் மாமாவின் முன்னால் சொன்னார்.

இளம் அதிகாரி தன் சப்பாத்தைப் பார்த்தார். அம்மையார் தலையாட்டி, "இப்படித்தான் இருக்க வேண்டும், ஹெர் செல்வரட்ணம். உங்கள் மனைவி இருக்கும் நாளில் வருகிறோம்" என்றார். கதவு வரை போய்க் கைகொடுத்தார்.

அவர்கள் போனபின் றெக்ஸ் மாமா கோப்பையை மேசையில் வைத்தார். "நான் எண்டால் அமத்தியிருப்பன் அண்ணை" என்றார்.

"அதுதான் உனக்குத் தண்டு குடுக்கினம், எனக்குத் தரமாட்டினம்" என்றார் அப்பா. அது நியாயமான பதில் அல்ல.

நான் அம்மாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். வேலை முடிந்து வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே நிலவறைக்குப் போனார். அப்பா வழக்கம்போல மேலேயே இருந்தார். கீழே பீப் சத்தம் வந்தது, ஆறு, பிறகு ஒரு ஆறு, பிறகும் ஒரு ஆறு. அம்மா ஏறி வந்து அப்பாவுக்கு எதிரே கதிரையில் அமர்ந்தார்.

"இலக்கத்தை மாத்திப்போட்டன். இனிப் பழைய நாளைச் சொல்லலாம். சொல்லட்டோ?"

அப்பா ஜன்னலைப் பார்த்தார். "பாட்டுப் போட்டிதானே? ஆயர் பரிசு தந்த நாள்."

"எந்தப் பாட்டுப் போட்டி?" அம்மாவுக்கு உண்மையாகவே நினைவில்லை. "அது றெக்ஸுக்குத்தான் ஞாபகம் இருக்கும். இது வேற. கார் சோதினைக்குப் போன நாள், சோதிக்கிறவருக்குச் சுகமில்லை, திகதியை மாத்திப்போட்டினம் எண்டு வந்து சொன்னனெல்லோ?"

"ஓம். மழை நாள்."

"அவருக்கு ஒரு சுகயீனமும் இல்லை. நான் சிவப்பு லைற்றிலை நிப்பாட்டாமல் போயிட்டன். ஃபெயில்."

அப்பா மெதுவாகத் திரும்பினார். "அப்ப நீர் எடுத்தது..."

"ரெண்டாந்தரம்."

அப்பாவின் முகம் அப்படி விரிந்ததை நான் பச்சைச் சட்டை வந்த அன்றும் காணவில்லை. "ரெண்டாந்தரம்! பிள்ளை, கேட்டியோ? கொம்மா ரெண்டாந்தரம்! நான் மூண்டு. ஒண்டுதான் வித்தியாசம்!" மேசையில் தட்டிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தினை வருசமும் ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் சந்தோசப்பட்டிருப்பியள்."

அவரால் அதை மறுக்க முடியவில்லை, சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு சிரிப்பு ஓரத்திலிருந்து குறைந்தது. முகம் கொஞ்சம் சுருங்கியது. எனக்குக் கேள்வி வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"அப்ப இப்ப வைச்சது எந்த நாள்?"

அம்மா எழுந்து கோட்டைக் கழற்றிக் கொழுவினார்.

"சாப்பாடு போடட்டோ?" என்று கேட்டார்.